மேச்சேரிப் பாட்டு டீச்சர்

"மேச்சேரிக்கா? ஆடு பிடிக்கத்தானே போறீங்க?"

சேலத்து பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் இப்படிக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகப் போய்விட்டது. என் கையில் ஒரு தோல் பை. என்னுடன் வந்த ஓவியரின் தோளில் ஒரு ஜோல்னாப் பை. இந்த லட்சணத்தில் நாங்கள் ஆட்டு வியாபாரிகள் மாதிரியா இருக்கிறோம்?

"இல்லைங்க, பாட்டுக் கேட்கப் போகிறோம்" என்றேன்.

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புதன்கிழமையிலே மேச்சேரிக்குப் பாட்டுக் கேட்கப் போறவங்களை இன்னிக்குத்தானுங்க பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருக்குச் சொல்லாத விவரத்தை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சில வாரங்களுக்கு முன்னால் எங்கள் காரியாலயத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் மேச்சேரிப் பக்கத்துக் குடும்பத் தலைவி ஒருவர். "எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பேண்டு வாத்தியமும் சேர்ந்திசையும் ஒரு விழாவாக நடக்கப் போகின்றன. அன்றைக்கு எங்கள் பாட்டு டீச்சரைக் கௌரவிக்கிறோம். அவர் ஓய்வு பெறப் போகிறார். எனக்கும் அவர்தான் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். என் மகளுக்கும் அவர்தான். நடிகர் வந்தால் எழுதுகிறீர்கள், மந்திரி வந்தால் எழுதுகிறீர்கள். பாட்டு டீச்சருக்காக ஒரு தரம் வந்தால் என்ன?" என்று கேட்டிருந்தார்.

ஆசிரியர் அந்தக் கடிதத்தை என் மேஜைமேல் வைத்து, "கேள்வி நியாயமாகத்தானே இருக்கிறது?" என்றார். அதற்குமேல் எனக்கு என்ன பேச்சு? புறப்பட்டு விட்டோம்.

தண்ணீர் போன வழியும் பாட்டு வந்த வழியும்

சேலத்திலிருந்து ஓமலூர் வழியாக மேட்டூர் போகிற சாலையில் இருக்கிறது மேச்சேரி. மேட்டூர் வட்டத்தைச் சேர்ந்த ஒரு பேரூராட்சி. ஓமலூரைத் தாண்டியதும் நிலத்தின் நிறமே மாறிவிடுகிறது. செம்மண், பனைமரம், கடலைக்காடு, சோளக்காடு, நடுநடுவே வெள்ளைப் பாறை. வானம் பார்த்த பூமி என்று சொல்வார்களே, அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். மேச்சேரிக்கு அடுத்தாற்போல் மேட்டூர் அணை. 1925-இல் வேலை தொடங்கி, 1934-இல் முடிந்த பெரிய அணை. 120 அடி உயரத்துக்குக் காவிரியைத் தேக்கி வைத்து, தஞ்சாவூர் ஜில்லாவின் வயல்களுக்கெல்லாம் அங்கிருந்துதான் தண்ணீர் அனுப்புகிறார்கள். அணைக்கு அண்டை வீட்டுக்காரரான மேச்சேரியோ பெரும்பாலும் மழையை நம்பி நிற்கிறது.

"அதனாலே என்ன? தண்ணீர் இங்கிருந்து தஞ்சாவூருக்குப் போனது. சங்கீதம் தஞ்சாவூரிலிருந்து இங்கே வந்தது. கணக்கு நேராகிவிட்டது" என்றார் பிற்பாடு ஒருவர். அந்த ஒருவர்தான் நாம் பார்க்க வந்த பாட்டு டீச்சர். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவரிடம் வருவதற்கு முன்னால் சந்தையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். புதன்கிழமை மேச்சேரிக்கு வந்துவிட்டு ஆட்டைப் பார்க்காமல் போனால் பஸ்ஸில் வந்த பெரியவர் நம்மை மன்னிக்கமாட்டார்.

மேச்சேரி ஆடு என்பது பெயர் பெற்ற செம்மறி இனம். செம்மறி என்றால் சுருள்சுருளாக ரோமம் இருக்கும் என்றுதானே நினைக்கிறோம்? மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி ரோமமே கிடையாது. வெளிர்ச் செம்பழுப்பு நிறம், வழவழவென்று குட்டை மயிர். கிடாவுக்குக்கூடக் கொம்பு இல்லை. இதன் தோல் மிகவும் உயர்ந்த ரகம் என்று தோல் வியாபாரிகள் தேடி வருகிறார்கள். இந்த இனத்தைப் பாதுகாப்பதற்கென்றே பக்கத்தில் பொட்டனேரியில் 1978-ஆம் ஆண்டு முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் நடந்து வருகிறது. எங்கள் ஓவியர் ஒரு கிடாவுக்கு முன்னால் உட்கார்ந்து படம் போட ஆரம்பித்தார். கிடாவின் சொந்தக்காரர், "படத்துக்கு வெலை இல்லீங்க, ஆட்டுக்குத்தான் வெலை" என்று பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தார்.

சந்தையிலிருந்து பத்ரகாளியம்மன் கோவிலுக்குப் போனோம். மாசித் திருவிழாவிலே இந்த அம்மனுக்குத் தேர். சேலம், தருமபுரிப் பக்கத்து அம்மன் கோவில்களிலே பம்பையும் உடுக்கையும் இல்லாமல் விசேஷமே கிடையாது. பம்பை என்பது ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிய இரட்டை முழவு. இடுப்போடு கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் அடிப்பார்கள். அடிக்கிற அடியில் சாதுவான மனிதருக்கும் கால் தானாக ஆடும். இந்தப் பம்பையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் திரும்ப வரப் போகிறது.

வாயை மட்டும் அசை!

பள்ளிக்கூடம் ஊரை ஒட்டி இருந்தது. எங்கள் தலை தெரிந்ததும் கடிதம் எழுதிய அம்மாள் ஓடி வந்து வரவேற்றார். வேப்பமரத்தடியில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நாற்பது குழந்தைகள் மூன்று வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு எதிரே, எங்களுக்கு முதுகு காட்டியபடி, பருத்திப் புடவையும் மூக்குக் கண்ணாடியுமாக ஓர் அம்மாள். கையில் கோலும் இல்லை, குரலில் அதட்டலும் இல்லை. வலது கை மட்டும் காற்றில் லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"என் பேரைப் போடவேண்டாம் சார். பாட்டு டீச்சர் என்றே எழுதுங்கள். ஊரிலே எனக்கு அதுதானே பேர்?" என்றார். அவர் விருப்பப்படியே பள்ளிக்கூடத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

ஒத்திகையின் இடைவேளையில் அவரிடம் கேட்டேன்: "நாற்பது குழந்தைகளுக்கு நாற்பது குரல். சுருதியை யாருக்காக வைப்பீர்கள்?"

"ரொம்பக் கஷ்டப்படுகிற குழந்தைக்காக. நன்றாகப் பாடுகிறவள் எந்தச் சுருதியிலும் பாடிவிடுவாள். மேலே எட்டாதவனுக்கு எட்டுகிற மாதிரி வைத்தால் எல்லாருமே வந்து சேர்ந்துவிடுவார்கள்."

"பதின்மூன்று, பதினான்கு வயதில் பையன்களுக்குக் குரல் உடையுமே?"

"அப்போதுதான் ஜாக்கிரதையாக இருக்கணும். வெளியே அனுப்பிவிட்டால் அந்தப் பையன் வாழ்நாளுக்கும் பாடமாட்டான். ஒரு வருஷம் டிரம்மைக் கையில் கொடுத்துவிடுவேன். குரல் நின்ற இடத்தில் நின்றதும், திரும்ப வரிசைக்கு வந்துவிடுவான்."

"சரி, சுருதியே சேராத பையன்?"

"நன்றாகப் பாடுகிற இரண்டு பேருக்கு நடுவே நிறுத்துவேன். காது பழகினால் குரல் தானாகப் பழகும். சில பேருக்கு ஒரு மாசம் ஆகும், சில பேருக்கு மூன்று வருஷம் ஆகும். வாயை மூடு என்று மட்டும் சொல்லமாட்டேன்."

இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. காரணம் உண்டு. என்னுடைய பள்ளி நாட்களில், ஆண்டு விழாவுக்கு முதல் நாள், "நீ வரிசையில் நில்லு, வாயை மட்டும் அசை. சத்தம் வெளியே வரப்படாது" என்று எனக்கு உத்தரவாயிற்று. அப்படியே அசைத்தேன். பாட்டு நன்றாக இருந்ததென்று எல்லாரும் கை தட்டினார்கள். அன்றைக்கு மூடிய குரலை நான் குளியலறையில்கூடத் திறந்ததில்லை. பாட்டுப் பீரியடை எங்கள் கணக்கு வாத்தியார் அடிக்கடி கடன் வாங்கிக்கொள்வார் என்பதும் இப்போது ஞாபகம் வருகிறது. கணக்கிலே புலியான அவர் அந்தக் கடனை மட்டும் ஒருநாளும் திருப்பிக் கொடுத்ததில்லை!

கோட்டையிலிருந்து வந்த பேண்டு

"வாய்ப்பாட்டுப் படித்தவர் நீங்கள். பேண்டு வாத்தியம் எப்படி உங்கள் தலையில் விழுந்தது?" என்று கேட்டேன்.

டீச்சர் சிரித்தார். வேலைக்கு வந்த புதிதில் பழைய சாமான் அறையில் நாலு சைட் டிரம், ஒரு பெரிய டிரம், ஜால்ரா, முக்கோணக் கம்பி எல்லாம் கிடந்தனவாம். டிரம்மின் தோலை எலி கடித்திருந்தது. அன்றிருந்த தலைமையாசிரியர், "பாட்டும் பேண்டும் ஒண்ணுதானேம்மா, நீங்களே பார்த்துக்குங்க" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

"பாட்டும் பேண்டும் ஒண்ணா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். தீட்சிதரே பேண்டு கேட்டவர்தானே!"

டீச்சர் சொன்னது விளையாட்டு அல்ல. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இளமையில் சென்னைக்கு அருகே மணலியில் இருந்தார். அந்தக் குடும்பத்தை ஆதரித்த மணலி முதலியார் அவர்களைச் சென்னைக் கோட்டைக்கு அழைத்துப் போவார். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பேண்டு வாசிப்பார்கள். அதைக் கேட்ட தீட்சிதர் அந்த மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். ஏறக்குறைய நாற்பது உருப்படிகள் அப்படி உண்டு. 'நோட்டு' என்கிற இங்கிலீஷ் வார்த்தையைச் சேர்த்து நோட்டுஸ்வரம் என்றே அவற்றுக்குப் பெயர். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பிடிலையே கற்றுக்கொண்டு வந்துவிட்டார். இன்றைக்குப் பிடில் இல்லாத கச்சேரி உண்டா? அதே காலத்தில் தஞ்சாவூரில் சரபோஜி மகாராஜா (ஆட்சி 1798–1832) அரண்மனையிலேயே மேல்நாட்டு வாத்தியங்களை வைத்து ஒரு பேண்டு நடத்தினார்.

நோட்டுஸ்வரத்தில் கமகத்தின் நெளிவுகள் இல்லை. எல்லாம் நேரான ஸ்வரங்கள், நடைக்கு ஏற்ற தாளம். ஆகையால் குழந்தைகளுக்குக் கூட்டமாகச் சொல்லிக் கொடுக்க அதைப்போல் சுலபமானது வேறில்லை. "தீட்சிதர் நம்ம ஸ்கூலுக்காகவே பண்ணி வைத்திருக்கிறார்!" என்று டீச்சர் கண்டுபிடித்தார். பாட்டு வரிசை நோட்டுஸ்வரம் பாட, டிரம் வரிசை அதற்கு நடை கொடுக்க, எலி கடித்த டிரம்முக்கு ஒரு வழி பிறந்தது.

ஆனாலும் பையன்களின் அடி ஒன்றுபோல் விழவில்லை. அணிவகுப்புக்கு நிமிஷத்துக்கு 120 அடி என்பது கணக்கு. ஒருவன் நூறு அடிப்பான், ஒருவன் நூற்று நாற்பது அடிப்பான். டீச்சர் பக்கத்துக் கிராமத்திலிருந்த ஒரு பம்பைக்காரரைத் தேடிக்கொண்டு போனார். கிழிந்த தோலை மாற்றிக் கட்டிக் கொடுப்பார் என்றுதான் போனார். அவர் தோலையும் கட்டினார். பையன்கள் அடிப்பதையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டீச்சர், குச்சியைப் புடுங்கி வெச்சிருங்க. மொதல்ல நடக்கச் சொல்லுங்க. காலு ஒண்ணா வந்துச்சுன்னா கையி தானா வரும்" என்றாராம்.

ஒரு வாரம் டிரம்மே இல்லாமல் பையன்கள் மைதானத்தைச் சுற்றி நடந்தார்கள். எட்டாம் நாள் குச்சியைக் கொடுத்தபோது அடி ஒன்றாக விழுந்தது. "சங்கீதப் பரீட்சையிலே எனக்கு ஒருவரும் சொல்லித் தராத பாடம் சார் அது" என்றார் டீச்சர்.

ஊரோடு பாடியவர்கள்

நம்முடைய சங்கீதம் பெரும்பாலும் ஒருவர் பாடப் பலர் கேட்கிற சங்கீதம். ஆனால் பலர் சேர்ந்து பாடுகிற பழக்கமும் நமக்குப் புதிதல்ல. பஜனை இருக்கிறது, கும்மி இருக்கிறது, நாற்று நடுகிற பெண்களின் பாட்டு இருக்கிறது. 1930-ஆம் ஆண்டு ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புக் காய்ச்ச நடந்து போன தொண்டர்கள் வழியெல்லாம் பாடிக்கொண்டே போனார்கள். அந்த நடைப் பாட்டை எழுதிக் கொடுத்தவர் இந்தச் சேலம்–நாமக்கல் சீமையின் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளைதான். சங்கீத ஞானம் இருக்கிறதா என்று யாரும் பரீட்சை வைத்துத் தொண்டர்களைச் சேர்க்கவில்லை. கால் நடந்தது, வாய் பாடியது. பம்பைக்காரர் சொன்ன தத்துவம் அங்கேயும் பலித்தது!

கற்றுக் கொடுப்பதையே பெரிய காரியமாக எடுத்துக்கொண்டவர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி (1901–1973) அவர்களில் ஒருவர். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் பெண்களுக்குச் சங்கீதம் கற்பித்தவர். நல்ல குடும்பத்துப் பெண் நாலு பேர் முன்னால் பாடலாமா என்று வீடுகளில் தர்க்கம் நடந்த காலம் அது. சங்கீதத்தைக் கல்லூரிப் பாடமாகப் பெண்கள் படித்துப் பட்டம் வாங்குவதற்கு அவரைப் போன்றவர்கள் வழி செய்தார்கள். தென்னிந்திய சங்கீதத்தைப் பற்றிப் பல பாகங்களாகப் பாட நூல் எழுதியதோடு, சங்கீதத்தைக் கற்பிப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்காகவும் தனியே ஒரு புத்தகம் எழுதினார். அரசாங்கம் 1971-இல் அவருக்குப் பத்ம பூஷண் கொடுத்தது.

இன்னொருவர் எம். பி. சீனிவாசன். 1925-இல் பிறந்தவர். மலையாளப் படங்களுக்கு இசையமைத்துப் பெரும் பெயர் வாங்கியவர். சினிமாவில் நாலு காசு சம்பாதிப்பதோடு நின்றிருக்கலாம். அவரோ 1970-களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை ஏற்படுத்தினார். பாரதியாரின் பாட்டுகளை ஒரே குரலாக இல்லாமல், மேலே ஒரு குரலும் கீழே ஒரு குரலுமாகப் பிரிந்து இணையும்படி அமைத்தார். தொழில்முறைப் பாடகர்களைத் தேடிப் போகவில்லை. சாதாரண இளைஞர்களையும் யுவதிகளையும் நிறுத்திப் பாட வைத்தார். 1988-ஆம் ஆண்டு மார்ச் மாதம் லட்சத்தீவுக்குச் சென்றிருந்த இடத்தில் மாரடைப்பால் காலமானார். அவரிடம் பாடியவர்கள் அந்தக் குழுவை விட்டுவிடாமல் தொடர்ந்து நடத்தினார்கள். நல்ல ஆசிரியருக்கு இதைவிட வேறு என்ன மரியாதை வேண்டும்?

55 விநாடி

மாலை ஆறு மணிக்கு விழா ஆரம்பமாயிற்று. மைதானம் நிறைய ஜனங்கள். சந்தையிலிருந்து நேரே வந்தவர்களும் இருந்தார்கள் என்பதற்கு மூலையில் கட்டியிருந்த இரண்டு ஆடுகளே சாட்சி.

முதலில் தமிழ்த்தாய் வாழ்த்து. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் அந்தப் பாட்டு 1970-இல் அரசு விழாக்களுக்கு உரியதாயிற்று. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. மோகன ராகத்தில், மூன்று நடையில், 55 விநாடிகளில் பாடவேண்டும் என்று அந்த ஆணையிலே சொல்லியிருக்கிறது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. இசைத்தட்டைப் போட்டு ஒப்பேற்றாமல், பயிற்சி பெற்றவர்கள் வாயாலேயே பாடவேண்டும் என்கிறது.

நல்ல ஆணை. ஆனால் பயிற்சி கொடுப்பது யார்?

இந்தக் கேள்விதான் அன்று மாலை முழுதும் என் மனத்தைக் குடைந்துகொண்டிருந்தது. சேலத்திலும் மற்றும் பல மாவட்டங்களிலும் அரசாங்கம் இசைப்பள்ளிகளை நடத்துகிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடங்கள், மூன்று வருஷப் படிப்பு. அங்கே படித்துத் தேறியவர்கள் போக வேண்டிய இடம் பள்ளிக்கூடம் அல்லவா? 2012-ஆம் ஆண்டில் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கம்ப்யூட்டர் போன்றவற்றுக்காக அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. ஆரம்பச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பிறகு சம்பளம் படிப்படியாக ஏறியது. ஆனாலும் நிரந்தர வேலை கேட்டு அவர்கள் பல வருஷங்கள் போராட வேண்டியிருந்தது. சுருதி சேராத குழந்தைக்கு மூன்று வருஷம் ஆகும் என்று டீச்சர் சொன்னாரே, அந்த மூன்று வருஷமும் ஆசிரியர் அங்கேயே இருந்தால்தானே ஆகும்?

2022-23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா என்று ஒன்று நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டி. ஜெயித்தவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம். டில்லியிலே குடியரசு தினத்தை ஒட்டிப் பள்ளி பேண்டுகளுக்குத் தேசியப் போட்டியும் வைக்கிறார்கள். இவையெல்லாம் வரவேற்க வேண்டிய காரியங்கள். ஆனால் மேடையில் ஏறுகிற குழந்தையை நாம் பார்க்கிறோம்; மேடைக்குக் கீழே முதுகு காட்டிக்கொண்டு நிற்கிறவரை யார் பார்க்கிறார்கள்?

பொன்னாடை

பேண்டு அணிவகுத்து வந்தது. முன்னால் ஒரு பெண் கோலைச் சுழற்றிக்கொண்டு வந்தாள். கடிதம் எழுதிய அம்மாளின் மகள் அவள்தான். அம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், "எங்க பாப்பாங்க, எங்க பாப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அணிவகுப்பும் பாட்டும் முடிந்ததும் டீச்சரை மேடைக்கு அழைத்தார்கள். பழைய மாணவிகள் பணம் போட்டு வாங்கிய பொன்னாடையைத் தலைமையாசிரியர் போர்த்தினார். கை தட்டல் ஓய்ந்ததும் டீச்சர் ஒலிபெருக்கியின் அருகே வந்தார். பெரிய சொற்பொழிவு எதுவும் செய்யவில்லை.

"எனக்கு மேலே ஒரு வாத்தியார் இருக்கார். அவர் வந்தால்தான் இந்த மரியாதை முழுசாகும்" என்றார்.

நாலு பையன்கள் மைதானத்தின் ஓரத்துக்கு ஓடினார்கள். அங்கே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்த ஒரு கிழவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். அவர்தான் பம்பைக்காரர். "எனக்கெதுக்கு டீச்சர்? வேண்டாமுங்க, வேண்டாமுங்க" என்று அவர் பின்வாங்கப் பின்வாங்க, டீச்சர் தம் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டார். கிழவர் அந்தச் சரிகையைத் தடவிப் பார்த்தார். அப்புறம் பையன்களைப் பார்த்து, "இப்பவாச்சும் கால் ஒண்ணா வருதாடா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! மைதானமே சிரித்தது.

கடைசியாக ஒரு பாட்டு பாக்கி இருந்தது. "டீச்சர், இன்னிக்கு நீங்க கீழே உட்காரணும்" என்று குழந்தைகள் பிடிவாதம் பிடித்தார்கள். இத்தனை வருஷங்களில் முதல் தடவையாக டீச்சர் ஜனங்களோடு ஜனங்களாக, எங்கள் வரிசையில், உட்கார்ந்தார். மேடையில் குழந்தைகள் தாங்களாகவே ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தது கொஞ்சம் மேல் சுருதி. டீச்சரின் முகம் மாறியது. எழுந்திருக்கப் போனவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மேலே எட்ட முடியாமல் இரண்டு மூன்று குரல்கள் திணறின. முன் வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் மட்டும் திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். அடுத்த அடி ஆரம்பிக்கும்போது அவள் கொஞ்சம் இறக்கி எடுத்தாள். எல்லாரும் அவளோடு இறங்கி வந்து சேர்ந்தார்கள். டீச்சரின் விரல்கள் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார்.

பிறகு தேசிய கீதம். எல்லாரும் எழுந்து நின்றோம். வழக்கம்போல் வாயை மட்டும் அசைக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்ற டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். பள்ளி நாளிலிருந்து உள்ளே கிடந்த குரலைக் கொஞ்சம் வெளியே விட்டேன். எங்கள் ஓவியர் திடுக்கிட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டுமே!

விழா முடிந்து புறப்படும்போது தலைமையாசிரியரிடம் கேட்டேன்: "அடுத்த வருஷம் பாட்டுச் சொல்லிக் கொடுக்க யார் வருகிறார்கள்?"

"எழுதிப் போட்டிருக்கேனுங்க. இடத்தை நிரப்பினாங்கன்னா நல்லது. இல்லேன்னா..." அவர் பாக்கியைச் சொல்லவில்லை. கடிதம் எழுதிய அம்மாள்தான், "இல்லேன்னா நாங்க விட்டுருவமா? தினம் வந்து கேட்போமுங்க" என்றார்.

என் வாசகிகளுக்கும் அதைத்தான் சொல்ல விரும்புகிறேன். உங்கள் குழந்தையின் பள்ளிக்கூடத்தில் கால அட்டவணையை ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். பாட்டுப் பீரியடு என்று ஒன்று இருக்கிறதா? இருந்தால் அதில் பாட்டு நடக்கிறதா, கணக்கு நடக்கிறதா? பாட்டு டீச்சர் என்று ஒருவர் இருந்தால் வழியில் பார்க்கும்போது நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள். பொன்னாடை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

இரவு பஸ்ஸில் ஏறினால், காலையில் பார்த்த அதே பெரியவர்! கையில் கயிறு மட்டும் இருந்தது, ஆட்டைக் காணோம்.

"வெலை ஒத்து வரலீங்க. ஆடு அமையல" என்றார். பிறகு, "உங்களுக்குப் பாட்டு அமைஞ்சுதுங்களா?" என்று கேட்டார்.

"அமைஞ்சுதுங்க. ரொம்ப நல்லா அமைஞ்சுது" என்றேன்.